யார் நம்மவர்? இன்றைய ஜெர்மானியத் தொல்சமயத்தில் சேர்ப்பும் விலக்கும்

ஓடின், தோர், ஃபிரேயா ஆகிய பெயர்களைத் திரைப்படங்கள் வழியாக மட்டுமே கேட்டிருப்பவர்களுக்கு, அந்தத் தெய்வங்களை இன்றும் வழிபடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது புதுச் செய்தியாக இருக்கக்கூடும். கிறித்தவம் பரவுவதற்கு முன் ஸ்காண்டிநேவியா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நிலப்பகுதிகளில் ஜெர்மானிய மொழிகளைப் பேசிய மக்களிடையே இருந்த வழிபாட்டை, எஞ்சிய நூல்களையும் அகழாய்வுச் சான்றுகளையும் கொண்டு மீட்டெடுத்துப் பின்பற்றும் சமயத்தை ஜெர்மானியத் தொல்சமயம் எனலாம். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இதைப் பின்பற்றுவோர் தங்களை ஹீதன்கள் என்கின்றனர். ஸ்காண்டிநேவியத் தெய்வங்களை முதன்மையாகக் கொள்வோர் தங்கள் நெறியை ஆசாத்ரு என்கின்றனர். 2013ஆம் ஆண்டில் இணையவழி நடந்த ஒரு கணக்கெடுப்பில் 98 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 16,700 பேர் தங்களை இச்சமயத்தவராகப் பதிவு செய்துகொண்டனர். பதிவு செய்யாதவர்களையும் சேர்த்துக்கொண்டாலும் இது சிறிய சமயமே.

இத்தனை சிறிய சமயத்துக்குள் ஒரு கேள்வி கடந்த ஐம்பது ஆண்டுகளாக ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. இந்தத் தெய்வங்களை வழிபட யாருக்கு உரிமை உண்டு? விரும்பி வருகிற எவருக்குமா, வட ஐரோப்பிய வம்சாவளியில் பிறந்தவர்களுக்கு மட்டுமா? இந்தக் கேள்வியால் சங்கங்கள் உடைந்திருக்கின்றன. நாடு கடந்து கையெழுத்து திரட்டிய அறிக்கைகள் வந்திருக்கின்றன. ஒரு சிற்றூரின் மன்றத்தில் வாக்கெடுப்பு வரை அது போயிருக்கிறது. இரு தரப்பினரும் சொல்லும் விடைகளையும் அவ்விடைகளின் வேரையும் இக்கட்டுரை விளக்குகிறது. இதில் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிறப்பை நுழைவுத் தகுதியாக வைக்கும் விடை பழைய சமயத்திலிருந்து வந்ததன்று, அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவாகிப் பழமையின் போர்வை போர்த்திக்கொண்டு வந்த ஒன்று என்பதே என் முடிவு.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இச்சமயத்தின் தொடர்ச்சி நடுவில் அறுந்துபோனது என்பதாகும். ஐஸ்லாந்தில் கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி, அல்திங் எனப்படும் பொதுமன்றத்தில் சட்டம் உரைப்பவராக இருந்த தோர்கெய்ர் என்பவர், தாமே பழைய நெறியினராக இருந்தும், நாடு இரண்டாகப் பிளந்து சண்டையில் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக அனைவரும் கிறித்தவத்தை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். வீட்டுக்குள் மறைவாகப் பலியிடுவது சில காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. பின்னர் அதுவும் தடைசெய்யப்பட்டது. மற்ற வட நாடுகளிலும் அடுத்த நூற்றாண்டுக்குள் பழைய பொதுவழிபாடு முடிவுக்கு வந்தது. இன்று நம்மிடம் உள்ள புராணங்களில் பெரும்பகுதி அதற்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்டவை. ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டர்லுசன், இப்புராணங்களைத் தொகுத்துரைக்கும் 'உரைநடை எட்டா' என்ற நூலை 1220 வாக்கில் எழுதினார். பாடல் எட்டா எனப்படும் தொகுப்பின் முதன்மையான சுவடி 1270களைச் சேர்ந்தது. இவற்றை எழுத்தில் பதித்தவர்கள் கிறித்தவர்கள். பூசை முறையோ, மந்திரங்களோ, ஆசிரியர் மாணவர் வழியாக இடையறாது வந்த பயிற்சியோ எஞ்சவில்லை.

இந்த இடைவெளியை நேர்மையாக எடுத்துக்கொண்டால் ஒன்று தெளிவாகும். இன்று ஆஸ்லோவில் பிறந்து இந்நெறிக்கு வருபவரும், சாவோ பாவுலோவில் பிறந்து வருபவரும், ஒரே நூல்களைத் திறந்து, ஒரே அகழாய்வு அறிக்கைகளைப் படித்து, ஒரே ஐயங்களோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. முன்னவரின் பாட்டனும் பூட்டனும் பெரும்பாலும் லூத்தரன் திருச்சபைக் கிறித்தவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆகவே இருவரில் ஒருவருக்கு இது பரம்பரைச் சொத்து என்றும் மற்றவருக்கு இரவல் என்றும் சொல்வதற்கு வரலாற்றில் எளிதான ஆதாரம் கிடைப்பதில்லை.

ஆனாலும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடன் ஆய்வாளர் மத்தியாஸ் கார்டெல் இச்சமயத்தவரிடையே மூன்று நிலைப்பாடுகளைப் பிரித்துக் காட்டினார். இனப்பாகுபாட்டை எதிர்த்து, தெய்வங்கள் யாரை அழைத்தாலும் அவர் வரலாம் என்பது ஒன்று. வெள்ளை இனத்தின் மேன்மைக்காகவே இச்சமயம் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்வது இன்னொன்று. இவ்விரண்டுக்கும் நடுவில், 'நாங்கள் யாரையும் வெறுக்கவில்லை, அவரவர் தத்தம் முன்னோரின் தெய்வங்களை வழிபடட்டும்' என்று கூறுவது மூன்றாவது. சமயத்துக்குள் பேசுகிறவர்கள் முதல் தரப்பை யுனிவர்சலிஸ்ட் என்றும், வம்சாவளியை அளவுகோலாக வைப்பவர்களை ஃபோக்கிஷ் என்றும் அழைக்கிறார்கள். இக்கட்டுரையில் அவர்களை முறையே பொதுநெறியினர் என்றும் குலநெறியினர் என்றும் குறிப்பிடுகிறேன். பொதுநெறியினர் என்ற பெயரைச் சிலர் தங்களுக்கு ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'நாங்கள் அனைவரையும் மதம் மாற்ற அழைக்கவில்லை, வருகிறவரைப் பிறப்பைக் கேட்டுத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்' என்பது அவர்கள் வாதம்.

புதிதாகப் படிக்கிறவரை மயக்கக்கூடியது அந்த மூன்றாவது, நடு நிலைப்பாடுதான். அதில் வெறுப்புச் சொல் எதுவும் இருப்பதில்லை. முன்னோர் மீதுள்ள மதிப்பு இருக்கிறது. வேரைத் தேடும் ஏக்கம் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளாகப் பிறந்து, மூதாதையரின் மொழியையும் ஊரையும் இழந்துவிட்டவர்களுக்கு அந்த ஏக்கம் உண்மையானது. அதைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை. சிக்கல், அந்த ஏக்கத்தை அளவுகோலாக மாற்றும்போது தொடங்குகிறது. எத்தனை தலைமுறை ஆதாரம் வேண்டும்? ஒரு பாட்டி மட்டும் டென்மார்க்கிலிருந்து வந்திருந்தால் போதுமா? தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன விடை? நடைமுறையில் இந்தக் கேள்விகள் கேட்கப்படுவதே அரிது. அயர்லாந்து, போலந்து, இத்தாலி வம்சாவளியினர், அதாவது ஜெர்மானியர் அல்லாதவர்கள், பொதுவான 'ஐரோப்பிய மரபு' என்ற பெயரில் தடையின்றிச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். கறுப்பினத்தவரும் ஆசியரும்தான் வாசலில் நிறுத்தப்படுகிறார்கள். எனவே சோதிக்கப்படுவது மூதாதையரின் தெய்வம் எது என்பதன்று, தோலின் நிறம்தான் என்ற முடிவைத் தவிர்க்க முடியவில்லை.

குருதியையும் தெய்வத்தையும் முடிச்சுப் போட்ட இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98இல் எழுதிய 'ஜெர்மானியா' என்ற சிறுநூலில், ஜெர்மானியக் குடிகள் பிற இனங்களோடு மணவுறவு கொண்டு கலவாதவர்கள் என்று தாம் கருதுவதாக ஒரு வரி வருகிறது. தம் காலத்து ரோமர்களின் ஒழுக்கத் தளர்ச்சியைச் சுட்டிக்காட்டவும் அந்நூலை அவர் பயன்படுத்தினார். அவர் அந்நிலப்பகுதிக்கு நேரில் சென்றதற்குச் சான்றில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நூலின் சுவடி மீண்டும் கிடைத்த பிறகு, குறிப்பாக 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தேசியவாதம் எழுந்தபோது, அந்த ஒரு வரி வேதவாக்காக்கப்பட்டது. ஃபோல்கிஷ் இயக்கம் எனப்பட்ட அக்காலப் போக்கு, மண், குருதி, மொழி, ஆன்மா ஆகிய நான்கும் ஒன்றே என்று கற்பித்தது. வியன்னாவைச் சேர்ந்த கீடோ ஃபான் லிஸ்ட் (1848–1919), பண்டைய ஜெர்மானியரிடம் ஒரு மறைஞானக் குருகுலம் இருந்ததாகவும், ரூன் எனப்படும் பழைய ஜெர்மானிய எழுத்துகளில் அதன் இரகசியம் பொதிந்திருப்பதாகவும் எழுதினார். அவர் முன்வைத்த பதினெட்டு ரூன்களின் வரிசை எந்தப் பழங்கல்வெட்டிலும் இல்லாத, அவரே ஆக்கிய வரிசை.

நாஜிகள் இந்தச் சரக்கில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டனர். அவர்கள் ஆட்சியில் பல மறைஞானக் குழுக்கள் தடைசெய்யப்பட்டதும் உண்மை. நாஜி அரசு ஓடினை வழிபட்ட அரசு என்று சொல்வது மிகை. ஆனால் நாஜித் தலைவர்களுள் ஒருவரான ஹிம்லரின் எஸ்.எஸ். படை ரூன்களைச் சின்னமாக அணிந்தது. 1943இல் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, டாசிடஸ் நூலின் பழைய சுவடி ஒன்றைக் கைப்பற்ற எஸ்.எஸ். ஆட்கள் இத்தாலியின் அன்கோனா நகருக்கு அருகிலுள்ள ஒரு மாளிகையைச் சோதனையிட்டனர்; சுவடி அவர்கள் கையில் சிக்கவில்லை. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு ரோமர் எழுதிய ஒரு வரிக்கு எவ்வளவு வலிமை ஏற்றப்பட்டிருந்தது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

போருக்குப் பின் அந்த எண்ணம் அழியவில்லை, இடம் மாறியது. டென்மார்க்கில் பிறந்து கனடாவில் குடியேறிய எல்ஸ கிறிஸ்டென்சன் 1969இல் ஓடினிஸ்ட் ஃபெலோஷிப் என்ற அமைப்பைத் தொடங்கி, வட அமெரிக்கா முழுவதும், சிறைகளுக்குள்ளும், இனம் சார்ந்த ஓடின் வழிபாட்டைப் பரப்பினார். அமெரிக்காவில் ஸ்டீபன் மெக்நாலன் 1970களில் ஆசாத்ரு ஃப்ரீ அசெம்பிளியை உருவாக்கினார். 1980களில் 'மெட்டாஜெனடிக்ஸ்' என்ற பெயரில், சமய உணர்வு மரபணு வழியாகத் தலைமுறைகளுக்குக் கடத்தப்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். இதற்கு உளவியலாளர் யுங்கின் எழுத்துகளும் துணைக்கு அழைக்கப்பட்டன. மரபணுவியலில் இதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆயினும் அறிவியல் போல ஒலிக்கும் அந்தப் பெயர், வெறுப்பைப் பேசாமலேயே விலக்கி வைக்க ஒரு வழியைத் தந்தது. அதுதான் அதன் செல்வாக்கின் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி பழைய சான்றுகளையே கேட்டுப் பார்க்கலாம். புராணங்களில் வரும் தெய்வக் குடும்பம் தூய குருதிக்கு நேர்மாறானது. ஓடினின் தாய் பெஸ்ட்லா அரக்கர் குலத்தவள். தோரின் மகன் மாக்னியைப் பெற்றவள் யார்ன்சக்ஸா என்னும் அரக்கி. ஞோர்டும் அவர் மகன் ஃபிரேயும், ஓடினும் தோரும் சேர்ந்த ஆசிர் குலத்தில் பிறந்த தெய்வங்கள் அல்லர். வானிர் குலத்தோடு நடந்த போருக்குப் பின் பிணையாக வந்து, குடும்பத்தில் ஒருவராகி, வணங்கத்தக்கவர்களானவர்கள். அந்த ஃபிரே மணந்த கெர்டும் அரக்கர் மகளே. தெய்வங்களின் வீட்டுக்கே மெட்டாஜெனடிக்ஸ் பொருந்தாது. மனிதர் பக்கம் வந்தால், ஸ்வீடனின் ஹெல்கோ தீவில் 1950களில் தோண்டியெடுக்கப்பட்ட பொருள்களில், இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஸ்வாத் பள்ளத்தாக்குப் பகுதியில் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் செய்யப்பட்ட ஒரு சிறிய வெண்கலப் புத்தர் சிலையும் இருந்தது. அது பல கைகள் மாறி அங்கே வந்திருக்கும். 2020இல் 442 தொல் எலும்புக்கூடுகளின் மரபணுவை ஆராய்ந்து வெளியான பெரிய ஆய்வொன்று, வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலத்தில் தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவுக்கு மரபணுக் கலப்பு நிகழ்ந்ததைக் காட்டியது. ஸ்காட்லாந்துக்கு வடக்கிலுள்ள ஆர்க்னி தீவுகளில் வைக்கிங் முறைப்படி வாளோடு புதைக்கப்பட்ட இருவர், ஸ்காண்டிநேவியக் குருதி இல்லாத உள்ளூர் மக்கள் என்பதும் அதில் வெளிப்பட்டது. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், யாரோடு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதே அவர்களுடைய அடக்கத்தைத் தீர்மானித்திருக்கிறது.

ஆனால் இங்கே எச்சரிக்கையும் தேவை. பழைய வட ஐரோப்பா அனைவரையும் அரவணைத்த சமூகம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். அங்கே அடிமைகள் இருந்தனர். அடிமை, உழவர், பிரபு என்ற மூன்று படிநிலைகளும் ரீக் என்ற பெயரில் உலவிய ஒரு தெய்வத்திடமிருந்தே தோன்றியதாகச் சொல்லும் பாடலும் எட்டாத் தொகுதியோடு சேர்த்து வைக்கப்படுகிறது. ஆண்மைக்குறைவு என்ற பழி சுமத்துவது, கொலையில் முடிந்தாலும் சட்டம் மன்னிக்கும் அளவுக்குப் பெரிய அவமதிப்பாகக் கருதப்பட்டது. அதே மரபில்தான், பெண்களுக்குரியதாகக் கருதப்பட்ட செய்த் என்னும் மாந்திரீகத்தை ஓடின் பயில்கிறார். தொலைந்த சம்மட்டியை மீட்கத் தோர் மணமகள் உடை அணிகிறார். தந்திரத்துக்குப் பெயர்பெற்ற லோகி பெண்குதிரையாக உருமாறி எட்டுக்கால் குதிரையை ஈன்றெடுக்கிறார். ஒருபாலீர்ப்பினரையும் திருநரையும் வரவேற்கும் இன்றைய குழுக்கள் இந்தக் கதைகளைச் சுட்டிக்காட்டுவது நியாயமே, ஆயினும் அவர்களும் மரபிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மீட்டெடுக்கப்படும் எந்தச் சமயத்திலும் தேர்ந்தெடுத்தல் தவிர்க்க முடியாதது. தேர்ந்தெடுப்பதை மறைத்து, 'முன்னோர் இப்படித்தான் இருந்தனர், எங்களால் மாற்ற இயலாது' என்று சொல்வதைத்தான் நான் குறையாகக் காண்கிறேன்.

நடைமுறையில் இது எப்படி இருக்கிறது என்பதற்கு ஐஸ்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. 1972ஆம் ஆண்டில், அந்நாட்டில் கோடையின் முதல் நாளாகக் கொண்டாடப்படும் ஏப்ரல் மாத நாளில், ஆடு வளர்த்துக்கொண்டே மரபுக் கவிதை எழுதிவந்த ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் என்ற விவசாயியும் அவர் நண்பர்களும் ஆசாத்ரு சங்கத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே அரசு அதைச் சமய அமைப்பாக அங்கீகரித்தது. அதன் பயனாகத் திருமணம், பெயரிடுதல், அடக்கம் ஆகிய சடங்குகளைச் சட்டப்படி நடத்தும் உரிமையும், உறுப்பினர் எண்ணிக்கைக்கேற்ப அரசு வழங்கும் சமயக் கட்டணப் பங்கும் சங்கத்துக்குக் கிடைத்தன. நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் தொகை கொண்ட நாட்டில் இன்று அதன் உறுப்பினர்கள் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டனர். அங்கே சேர யாரும் வம்சாவளிச் சான்று காட்டுவதில்லை. நாட்டின் மக்கள் பதிவேட்டில் தம் சமயத்தை மாற்றிப் பதிந்துகொண்டால் போதும். ப்ளோட் எனப்படும் பொதுவழிபாட்டில் உயிர்ப்பலி இல்லை.

2003 முதல் சங்கத்தின் தலைமைக் குருவாக இருக்கும் இசையமைப்பாளர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன், புராணக் கதைகளை உருவகங்களாகவும் இயற்கையின் ஆற்றல்களாகவும் காண்பதாகக் கூறிவருகிறார். ஓடின் என்ற ஒற்றைக்கண் மனிதர் எட்டுக்கால் குதிரையில் வானத்தில் போகிறார் என்று எழுத்துக்கு எழுத்து நம்புவதைச் சங்கத்தார் எதிர்பார்ப்பதில்லை. ஒருபாலினத் திருமணங்களைச் சங்கம் நடத்திவைப்பது வெளியே பரவலாகத் தெரியவந்தபோது, வெளிநாட்டுக் குலநெறியினர் சிலரிடமிருந்து அதற்கு வெறுப்புக் கடிதங்கள் வந்தன. ஐஸ்லாந்தியர்களுக்கே 'உண்மையான' வட மரபு எது என்று அயல்நாட்டார் பாடம் எடுக்க வந்தது குறிப்பிடத்தக்கது. இந்தச் சங்கத்தின் அடையாளம் நிலத்தையும் மொழியையும் இலக்கியத்தையும் பற்றிக்கொண்டு நிற்கிறது. அதனால் குருதியைத் துணைக்கு அழைக்க வேண்டிய தேவை அதற்குப் பெரிதாக எழவில்லை. நெடுங்காலம் குடியேற்றம் குறைவாக இருந்த நாடு என்பதால் அந்தச் சோதனை அங்கே கடுமையாக வரவில்லை என்றும் ஒருவர் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு.

அமெரிக்காவில் அந்தச் சோதனை தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆசாத்ரு ஃப்ரீ அசெம்பிளி 1980களின் பிற்பகுதியில் கலைந்தபோது, அதன் இடத்தில் இரு திசைகளில் அமைப்புகள் எழுந்தன. 1987இல் தோன்றிய ட்ராத் என்ற அமைப்பு, இனம், பாலினம், பாலீர்ப்பு ஆகியவற்றைக் கேட்காமல் உறுப்பினர்களைச் சேர்க்கும் நெறியை நோக்கி வளர்ந்தது. மெக்நாலன் 1990களில் ஆசாத்ரு ஃபோக் அசெம்பிளி என்ற புதிய அமைப்பைக் குலநெறி அடிப்படையில் நிறுவினார். 2016இல் அவர் விலகி அடுத்த தலைமை பொறுப்பேற்றதும், பெண்மை நிறைந்த பெண்களையும் ஆண்மை நிறைந்த ஆண்களையும் வெள்ளைக் குழந்தைகளையும் தாங்கள் போற்றுவதாக அவ்வமைப்பு வெளிப்படையாக அறிவித்தது. நடு நிலைப்பாட்டின் மென்மையான சொற்கள் அந்த அறிவிப்போடு உதிர்ந்துபோயின. வெறுப்புக் குழுக்களைக் கண்காணிக்கும் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் அதைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது.

அதற்கு எதிர்வினையாக அதே ஆண்டில் வெளிவந்ததே '127ஆம் பிரகடனம்'. ஹாவாமால் என்ற அறவுரைப் பாடலின் 127ஆம் செய்யுள், தீமையைக் கண்ட இடத்தில் அதைத் தீமை என்றே சொல், பகைவரோடு சமாதானம் செய்துகொள்ளாதே என்கிறது. அந்தச் செய்யுளை முன்வைத்து, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 180 அமைப்புகள், அந்தக் குலநெறி அமைப்போடு எவ்வகை உறவும் வைத்துக்கொள்வதில்லை என்று கையெழுத்திட்டன. ஒரு தலைமைப் பீடமோ பொதுவான சபையோ இல்லாத சமயத்தில் இத்தனை சிறு குழுக்கள் ஒரே வாக்கியத்தின் கீழ் வந்து நின்றது பெரிய காரியம். அதே வேளை, அது ஓர் அமைப்பைப் பெயர் சொல்லி விலக்கிய அறிக்கை மட்டுமே. கையெழுத்திட்ட குழுவின் கூட்டத்துக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் வந்தால், 'உங்களுக்கு இதில் எப்படி ஆர்வம் வந்தது?' என்று மற்ற யாரிடமும் கேட்காத கேள்வியை அவரிடம் மட்டும் கேட்பது அந்தக் கையெழுத்தால் நின்றுவிடாது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மர்டாக் என்ற ஊரில் நடந்தது இதன் இன்னொரு முகம். சுமார் 280 பேர் வாழும் அந்த ஊரில், கைவிடப்பட்ட ஒரு பழைய லூத்தரன் தேவாலயக் கட்டடத்தை ஆசாத்ரு ஃபோக் அசெம்பிளி வாங்கியது. அதை வழிபாட்டிடமாகப் பயன்படுத்த ஊர் மன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. ஊராரில் பலர் எதிர்த்தனர். இணையத்தில் பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டனர். ஆயினும் 2020 டிசம்பரில் மன்றம் பெரும்பான்மை வாக்கில் அனுமதி வழங்கியது. உறுப்பினர்கள் அக்கொள்கையை ஏற்றதால் நேர்ந்ததன்று இது. ஒரு சமயக் குழுவின் கொள்கையைக் காரணம் காட்டி நிலப் பயன்பாட்டு அனுமதியை மறுத்தால் சமயச் சுதந்திரச் சட்டத்தின்படி வழக்கில் தோற்க நேரும் என்று அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. எல்லோருக்குமான சமயச் சுதந்திரம், விலக்குகிறவர்களையும் காக்கிறது. ஆகவே இந்தக் கேள்விக்கு அரசு விடை சொல்லும் என்று பொதுநெறியினர் காத்திருக்க முடியாது. சமயத்துக்குள் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்லும் இடம் பெரும்பாலும் ஒரு வீட்டின் கூடமாகவோ கொல்லைப்புறமாகவோ இருக்கும். இச்சமயத்தின் அடிப்படை அலகு, கிண்ட்ரெட் எனப்படும் சிறு குழு. பெரும்பாலும் ஐந்து முதல் இருபது பேர். அவர்கள் கூடி நடத்தும் சும்பல் என்ற சடங்கில், தேன்மது நிரப்பிய ஒரு கொம்பு வட்டமாகக் கைமாறும். முதல் சுற்றில் தெய்வங்களுக்கும், இரண்டாவதில் முன்னோருக்கும், மூன்றாவதில் தாம் செய்ததற்கோ செய்யப்போவதற்கோ ஒவ்வொருவரும் சொல் சொல்லிப் பருகுவது பரவலான வழக்கம். இரண்டாவது சுற்றில்தான் சேர்ப்பும் விலக்கும் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் நார்வேயிலிருந்து வந்த பூட்டியைப் பெயர் சொல்லிப் போற்றுகிறார். கொம்பு அடுத்தவரிடம் போகிறது. அவர் தத்துப் பிள்ளையாக இருக்கலாம். நைஜீரியாவிலிருந்து வந்தவரின் மகளாக இருக்கலாம். தன்னைத் துன்புறுத்திய குடும்பத்தை விட்டு வந்தவராக இருக்கலாம். தன்னை வளர்த்தவரையோ, தன் ஆசிரியரையோ, தன் ஊரின் மூதாட்டியையோ அவர் போற்றும்போது வட்டத்தில் இருப்பவர்கள் அதே முழுக்குரலில் வாழ்த்துச் சொன்னால், அந்தக் குழு முன்னோர் என்பதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது தெரிந்துவிடும். மது அருந்தாதவருக்காகப் பழச்சாறு நிரப்பிய இன்னொரு கொம்பை வைக்கும் குழுக்களும் உண்டு. சிறிய ஏற்பாடுதான், ஆனால் குடிநோயிலிருந்து மீண்ட ஒருவருக்கு அதுவே உள்ளே வர வழி.

இவ்வளவு நெருக்கமான சடங்கு என்பதால், வீட்டுக்குள் யாரை அழைப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஒவ்வொரு குழுவுக்கும் உண்டு. இதைப் பொதுநெறியினரும் மறுப்பதில்லை. ஹாவாமாலின் முதல் செய்யுளே, உள்ளே நுழையும்முன் எல்லா வாசல்களையும் கவனித்துப் பார், எங்கே பகைவர் அமர்ந்திருக்கிறாரோ தெரியாது என்று எச்சரிக்கிறது. அடுத்து வரும் செய்யுள்களோ, குளிரில் வந்த விருந்தினருக்கு நெருப்பும் உணவும் உலர்ந்த உடையும் நீரும் நல்வரவும் கொடு என்கின்றன. இரண்டும் ஒரே பாடலில் அடுத்தடுத்து நிற்கின்றன. நம்பத்தகுந்தவரா, வாக்குக் காப்பவரா, மற்றவருக்கு ஊறு செய்யாதவரா என்று பார்த்துச் சேர்ப்பது ஒருவரின் நடத்தையைப் பார்ப்பது. வேலிக்கு உள்ளே, வெளியே என்று பொருள்படும் இன்னன்கார்த், ஊட்டன்கார்த் என்ற பழைய எல்லைக் கருத்தைக் குலநெறியினர் இனத்தின் எல்லையாக நீட்டிக்கிறார்கள். பிறப்பைக் குறித்துப் பழைய செய்யுளில் இல்லாத நிபந்தனையை அங்கே சேர்ப்பதால் அது வேறு பொருளாகிவிடுகிறது.

சின்னங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியார் இச்சமயத்தை முதலில் சந்திப்பது அவற்றின் வழியாகத்தான். தோரின் சம்மட்டியை அமெரிக்காவில் இறந்த படைவீரர்களின் கல்லறைக் கற்களில் பொறிக்க 2013 முதல் அரசு அனுமதித்திருக்கிறது. மறுபுறம், மூதாதையர் நிலத்தைக் குறிக்கும் ஒதால ரூனை, 2016இல் ஓர் அமெரிக்க நாஜி அமைப்பு ஸ்வஸ்திகாவுக்குப் பதிலாகத் தன் சின்னமாக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகள் நடத்திய ஊர்வலத்தில் அது தெருவில் உயர்த்தப்பட்டது. வீட்டு வாசலிலும் கணக்குப் புத்தகத்திலும் ஸ்வஸ்திகாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு புனிதக் குறி பறிபோகும் வலியை விளக்க வேண்டியதில்லை. 2019இல் ஸ்வீடனில் சில ரூன்களைத் தடைசெய்வது பற்றிப் பேச்சு எழுந்தபோது, அந்நாட்டுத் தொல்சமயத்தார் எதிர்த்தனர். தடை செய்தால் எழுத்து முழுவதும் வெறுப்பாளர்களின் சொத்து என்று அரசே முத்திரை குத்தியதாகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அவர்களின் வாதம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் அந்தச் சின்னத்தை அணிகிறவர், அதைக் கண்டு அஞ்சுகிறவரிடம் விளக்கம் சொல்லும் பொறுப்பையும் சேர்த்தே அணிகிறார்.

கடைசியாகச் சிறைகள். எல்ஸ கிறிஸ்டென்சன் காலத்திலிருந்து அமெரிக்கச் சிறைகளில் இந்நெறி பரவியிருக்கிறது. வெள்ளை இனவாதக் கும்பல்கள் வழிபாட்டு நேரத்தைக் கூடிப் பேசும் போர்வையாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கட்டர் எதிர் வில்கின்சன் வழக்கில் மனுதாரர்களுள் ஆசாத்ரு கைதிகளும் இருந்தனர்; கைதிகளின் வழிபாட்டு உரிமையைக் காக்கும் சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு கைதி ஓடினைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பி ஒரு கடிதம் எழுதினால், அதற்குப் பதில் எழுதப்போவது யார், கூட அனுப்பப்போகும் நூல் எது என்பதில்தான் அவர் எந்த வகைச் சமயத்தைக் கற்பார் என்பது இருக்கிறது. ட்ராத் போன்ற அமைப்புகள் சிறைத் தொண்டுக்கென்று தன்னார்வலர்களை ஒதுக்கியிருப்பது இதனால்தான். இனவாதக் குழுக்கள் பல பத்தாண்டுகளாக அந்தக் கடிதங்களுக்குத் தவறாமல் பதில் எழுதி வந்திருக்கின்றன; அவர்களைவிட முன்னதாகப் பதில் போய்ச் சேர ஆட்களும் அஞ்சல் செலவும் நூல்களும் வேண்டும்.